கடலுக்கு வரப்பு போட்ட கதை

(வானொலி வேளாண் ஒலிபரப்பில் பேசியது)



இன்றைக்கு நெல்லைப் பற்றியோ மல்லாட்டையைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. கடலைப் பற்றிப் பேசப் போகிறேன். "ஏர் ஓட்டுகிற நமக்குக் கடல் எதுக்கய்யா?" என்று இரும்பை டீக்கடையில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

இரும்பையிலிருந்து வடக்கே சைக்கிளை மிதித்தால் பொழுது ஏறுவதற்குள் கழுவெளிக்குப் போய்விடலாம். வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கிற உவர்நீர் ஏரி அது. சுற்றுவட்டாரத்து ஏரிகள் பல நிரம்பிக் கலங்கல் வழிந்தால், அந்தத் தண்ணீர் போய்ச் சேருகிற இடம் அது. மழைக்காலத்து நல்ல தண்ணீரும், மரக்காணம் பக்கத்துக் கழிமுகம் வழியாக ஏறுகிற கடல் தண்ணீரும் அங்கே கலக்கின்றன. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 5,151 ஹெக்டேர். நம் கணக்கில் சொன்னால் சுமார் 12,700 ஏக்கர். 2024 ஆகஸ்டில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் இது சேர்ந்துவிட்டது.

இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் கரையோரத்தில் முதலில் எழுகிற கேள்வி என்ன? "பறவைக்குக் கோடு போட்டாச்சு. அந்தக் கோட்டுக்குள்ளே மீன் பிடிச்சவன் என்ன பண்ணுவான்? மாடு மேய்ச்சவன் எங்கே போவான்? கோரை அறுத்தவள் கதி என்ன?" எதிர்ப்பக்கமும் ஒரு கேள்வி உண்டு. "உரிமை உரிமை என்று ஆளாளுக்கு விட்டுவிட்டால் பத்து வருஷத்தில் அங்கே மிஞ்சப் போவது என்ன?" இரண்டு கேள்வியுமே நியாயம்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒரு விடை வேண்டும். அந்த விடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே, தெற்கே மன்னார் வளைகுடாவில், 40 ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கதையைக் கேட்டால் நாம் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது விளங்கும். அதனால்தான் இந்தப் பேச்சு.

கடலுக்குள் ஒரு நாற்றங்கால்

இராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் கரையை ஒட்டினாற்போல் வரிசையாகச் சின்னச் சின்னத் தீவுகள். கணக்குக்கு 21. குருசடைத் தீவு, முயல் தீவு, நல்லதண்ணித் தீவு, வான் தீவு என்று பெயர்கள். இந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது. பாறை என்று பேர்தானே தவிர, அது வெறும் கல் இல்லை. கடுகளவு, மிளகளவுப் பிராணிகள் கோடிக்கணக்கில் கூடிச் சுண்ணாம்பைச் சுரந்து சுரந்து கட்டிய வீடு. அதை ஒட்டிக் கடலடியில் புல்வெளி இருக்கிறது. நம் ஊர் மந்தைவெளி மாதிரி. கடல்பசு என்கிற ஆவுளியா அங்கேதான் மேயும்.

மீன் குஞ்சும் இறால் குஞ்சும் ஒளிந்து வளர்வது பாறை இடுக்கிலும் இந்தப் புல்லிலும்தான். அதாவது கடலுக்கு அது நாற்றங்கால். நாற்றங்காலில் ஆட்டை விட்டு மேய்த்தால் நடவுக்கு நாற்று ஏது? இது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கடலுக்குக் கட்டுப்பாடு என்பதும் புதிதல்ல. முத்துக் குளிப்பைச் 'சலாபம்' என்பார்கள். கடலடியில் சிப்பி படிகிற திட்டுக்குப் 'பார்' என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் முதலில் பாரைச் சோதித்துப் பார்ப்பார்கள். சிப்பி முதிர்ந்திருந்தால்தான் சலாபம் திறப்பார்கள். முதிரவில்லையென்றால் வருஷக்கணக்கில் மூடியே கிடக்கும். சங்கு குளிப்பதிலும் அப்படித்தான். குறிப்பிட்ட அளவுக்குச் சிறுத்த சங்கைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்று விதி. ஆனால் இதையெல்லாம் தீர்மானித்தது சர்க்கார். கஜானாவுக்கு வருமானம் வேண்டும் என்பதற்காகச் செய்தது. குளித்தவர்களுக்கு அதில் பங்கு இருந்தது, பேச்சு இல்லை. தூத்துக்குடியில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961இல்.

வெட்டி விற்ற தீவு

1960களிலிருந்து இரண்டு காரியங்கள் அந்தக் கடலை ஆட்டிவிட்டன. ஒன்று, பவளப்பாறையை வெட்டியது. கடப்பாரையோடு போய்ப் பாறையைப் பெயர்த்துப் படகில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது, தொழிற்சாலைக்குப் போனது, வீட்டு அஸ்திவாரத்துக்கும் போனது. இரண்டாவது, விசைப்படகின் இழுவைமடி. கடலடியைப் பரம்படிக்கிற மாதிரி வாரிச் சுரண்டிக்கொண்டு போகிற வலை. பெரிய மீன், குஞ்சு, புல் எல்லாம் அதிலே வந்துவிடும்.

ஏரிக்கரையில் பதித்த கல்லைப் பிடுங்கி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டால் கரை நிற்குமா? தீவுக்கு நேர்ந்ததும் அதுதான். பாறை போனதும் அலை நேராக மணலில் மோதியது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளே போய்விட்டன. கணக்கில் 21 என்று எழுதுகிறோம். கண்ணுக்குத் தெரிவது 19தான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாறையை வெட்டியவன் அன்றாடக் கூலிக்காரன். வாங்கியவன் வேறு ஆள். கடலுக்குக் கெடுதல் செய்த கை ஒன்று, அதில் லாபம் பார்த்த கை இன்னொன்று. பின்னால் தண்டனை என்று வரும்போது எந்தக் கை முதலில் அகப்படும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

காகிதத்தில் ஒரு கோடு

1986இல் அரசு இந்த 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழமில்லாக் கடலையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989இல் அதைச் சுற்றிலும் 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தார்கள். பூங்கா என்பது பூட்டிய உள் அறை. காப்பகம் என்பது புழங்கக்கூடிய திண்ணையும் தோட்டமும். அப்படி வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் நடந்தது என்ன? வயலில் வரப்பு போட்டால் கண்ணுக்குத் தெரியும். கடலில் எல்லைக்கல் நட முடியுமா? கோடு எங்கே ஓடுகிறது என்பது கரையில் இருந்த பலருக்குப் பல வருஷம் தெரியாது. தெரியாத கோட்டை யார் மதிப்பார்கள்? பூங்கா அறிவித்து ஏறக்குறைய 20 வருஷம் பாறை வெட்டு நடந்துகொண்டுதான் இருந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. கரைக்கு அரண் வேண்டும் என்பது எல்லோருக்கும் உறைத்தது. 2005 வாக்கில்தான் பாறை வெட்டு அடங்கியது.

சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. கடலைச் சரணாலயத்தில் சேர்க்கும்போது உள்ளூர் மீனவர்களின் தொழிலுக்குப் பங்கம் வராதபடி தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற வரி அதில் ஏறியது 1991இல். மன்னார் வளைகுடாவில் கோடு போட்டது 1986இல். அதாவது, மீனவனை நினைத்துப் பார்க்கச் சொல்லும் வரி, கோடு போட்டு 5 வருஷம் கழித்துத்தான் வந்தது.

பாசி எடுக்கிற பெண்கள்

2000ஆம் ஆண்டை ஒட்டிக் கெடுபிடி தொடங்கியது. தீவில் கால் வைக்கக் கூடாது என்று தடை இறுகியது. அப்போது முதலில் அடிபட்டது யார்? விசைப்படகு முதலாளி அல்ல. பாசி எடுக்கிற பெண்கள்.

இவர்கள் தொழிலைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பாம்பன், மண்டபம், ஏர்வாடி, கீழக்கரைப் பக்கத்துக் கரையோர ஊர்களில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பிழைப்பு கடல்பாசி. சின்னப் படகில் தீவுப் பக்கம் போவார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து கையால் பாசியைப் பறிப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கடாப் பாசி என்று அவர்கள் பேர் வைத்திருக்கிறார்கள். இதைக் காயவைத்து வியாபாரியிடம் போடுவார்கள். இவற்றில் சில வகைகளிலிருந்துதான் அகர் என்கிற பசை எடுக்கிறார்கள். ஐஸ்கிரீமிலும் இருக்கும், மருந்திலும் இருக்கும். நாம் பயிருக்குத் தெளிக்கிற கடல்பாசிச் சாறுகூடக் கடலில் விளைந்த பாசியிலிருந்து வந்ததுதான்.

தடை இறுகிய பிறகு இந்தப் பெண்கள் பயந்து பயந்து போக வேண்டியதாயிற்று. பிடிபட்டால் பாசி போச்சு, அபராதம் வேறு. பாட்டி காலத்திலிருந்து போய்வந்த இடத்துக்கு ஒரே நாளில் திருடியாகப் போவது என்றால் மனசு எப்படி இருக்கும்? தடை போட்டதால் பாசி எடுப்பது நின்றுவிடவில்லை. ஒளித்து எடுப்பதாக மாறியது. ஒளித்து எடுக்கிறவள் அவசரத்தில் எடுப்பாள். வேரை விட்டு வைக்கவா பார்ப்பாள், கையில் அகப்பட்டதைப் பிய்த்துக்கொண்டு வரத்தானே பார்ப்பாள்? இரவில் மடை திறக்கிறவன் வாய்க்காலைப் பற்றியா கவலைப்படுவான்?

அரசும் சும்மா இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை ஏற்பட்டது. 2002 முதல் 10 ஆண்டுகள் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் வழியாகப் பணமும் வந்தது. 200க்கு மேற்பட்ட ஊர்களில் குழுக்கள் அமைத்தார்கள். சுழல்நிதி, சின்னக் கடன், மாற்றுத் தொழில் என்று ஏற்பாடு நடந்தது. கந்துவட்டிக்காரனிடமிருந்து தப்பிக்க அது பலருக்கு உதவியது. அதை மறுக்கக் கூடாது. ஆனால் ஒரு குறை இருந்தது. கடனைப் பற்றிக் குழு பேசலாம். கடலை எப்படி ஆளுவது, கோட்டை எங்கே போடுவது, எந்த மாதம் மூடுவது என்பதைப் பேச அங்கே இடம் இல்லை. ஆயக்கட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "உங்களுக்கு மாட்டுக்கடன் தருகிறோம், மதகைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அவர்களே போட்ட விதி

அப்புறம் அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இதுதான் இந்தக் கதையிலேயே நாம் மனதில் வைக்க வேண்டிய இடம். அவர்கள் ஊர் ஊராகக் கூடினார்கள். மீனவர் சங்கங்கள் துணைக்கு வந்தன. "பாசி குறைந்துகொண்டு வருவது உண்மைதான், நாம்தான் அதிகமாக எடுக்கிறோம்" என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பிறகு தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் போவது, அதுவும் அமாவாசை, பௌர்ணமி நீரோட்டத்தைக் கணக்கிட்டு இரண்டு தவணையாக. இரும்புச் சுரண்டி கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிற காலத்தில் பாசிக்கும் போவதில்லை.

மீன்பிடித் தடைக்காலம் நமக்கும் தெரிந்ததுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கோட்டக்குப்பத்திலும் மரக்காணத்திலும் மீன் விலை ஏறுகிறதே, அந்தக் காலம். 2001இல் 45 நாளாக ஆரம்பித்தது. 2017இலிருந்து 61 நாள். அது அரசு போட்ட தடை. தங்கள் தொழிலுக்கும் அந்த ஓய்வைச் சேர்த்துக்கொண்டது பெண்களாகவே செய்தது.

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்கிற பாசி எடுக்கும் அம்மா இதில் முன்னால் நின்றவர். 2015இல் அவருக்கு அமெரிக்காவில் சீகாலஜி பரிசு கொடுத்தார்கள். தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கிற பரிசு அது. யாரை உள்ளே விடக் கூடாது என்று கோடு போட்டார்களோ, அவர்களில் ஒருவருக்குத்தான் இயற்கையைக் காத்ததற்கான பரிசு கிடைத்தது.

இந்த விதி ஏன் நின்றது? காரணம் ரொம்பச் சாதாரணம். பாசி எந்த மாதம் எவ்வளவு வளரும் என்பது எடுக்கிறவளுக்குத் தெரியும். மீறுகிறவள் யார் என்பதும் பக்கத்துப் படகுக்காரிக்குத் தெரியும். காவலாளி ஒருத்தர் பத்துத் தீவைப் பார்க்க முடியாது. நூறு பெண்கள் ஒரே கடலில் இருந்தால் நூறு காவல்.

ஆனால் முழுக்கச் சந்தோஷப்பட முடியாது. அவர்கள் போட்ட விதி சட்டத்தில் ஏறவில்லை. தேசியப் பூங்காச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. விதிப்படி 12 நாள் போகிறவளும், விதியை மீறி எல்லா நாளும் போகிறவளும் சட்டத்தின் முன்னால் ஒன்றுதான். இது ஒழுங்காக இருக்கிறவர்களைச் சோர்ந்துபோகச் செய்கிற காரியம். இன்னொன்றும் உண்டு. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. ஏராளம் செத்தது. அந்தச் சூட்டை எந்த ஊர்க்கட்டுப்பாடும் தடுக்காது. ஊர் கையில் இருக்கிறதை ஊர் செய்யலாம். மீதியை நாடும் உலகமும்தான் பார்க்க வேண்டும்.

கேட்டதும் கேட்காததும்

அதே காலத்தில் இன்னொரு சம்பவம். 2001 ஜூலையில் மத்திய அரசு ஒரே அறிவிப்பில் சுறா, திருக்கை, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாவற்றையும் பிடிக்கவே கூடாத பட்டியலில் சேர்த்தது. கரையெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. அதே ஆண்டு டிசம்பரில் சுறா, திருக்கை வகைகளில் பெரும்பாலானவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்து, அருகிவரும் சிலவற்றை மட்டும் வைத்தார்கள். அங்கே அரசு கேட்டது. கடல் அட்டை விஷயத்தில் முழுத்தடை நின்றது. எதிர்க்கரையில், அதே வளைகுடாவில், இலங்கையில் உரிமம் பெற்று அட்டை குளிக்கலாம். இந்தக் கரையில் அது குற்றம். விளைவு என்ன? அட்டைக் கடத்தல் பெரிய தொழிலானது. கடலுக்கும் லாபமில்லை, குளிக்கிறவனுக்கும் லாபமில்லை. நடுவில் இருக்கிற கடத்தல்காரனுக்குத்தான் லாபம்.

மாற்றுத் தொழில் கொடுக்கிறேன் என்பதிலும் நிதானம் வேண்டும். கப்பாபைகஸ் என்கிற அயல்நாட்டுப் பாசியைக் கடலில் மிதவை கட்டி வளர்க்கச் சொன்னார்கள். காசு வந்தது. ஆனால் அது குருசடைத் தீவுப் பக்கம் தப்பிப் போய்ப் பவளப்பாறை மேல் படர்ந்து மூடுவதை 2008இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். வேலிக்கும் விறகுக்கும் ஆகும் என்று வந்த சீமைக்கருவேல் நம் ஏரிகளை என்ன பாடு படுத்துகிறது என்று தெரியுமல்லவா? அதே கதைதான்.

அயல்நாட்டில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸ் நாட்டில் சுமிலோன் என்று ஒரு சின்னத் தீவு. 1974இல் அதன் பாறையில் ஒரு பகுதியை மீன் பிடிக்காத இடமாக மூடினார்கள். பத்து வருஷம் நன்றாக இருந்தது. உள்ளே பெருகிய மீன் வெளியே வந்து வலைக்கு அகப்பட்டது. பிறகு உள்ளூர் அரசியலில் கட்டுப்பாடு உடைந்தது. எல்லோரும் உள்ளே புகுந்தார்கள். இரண்டு வருஷம் ஆவதற்குள் மொத்த மீன்பாடு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. முன்னைவிடப் பெரிய இடத்தில் பிடித்தும் முன்னைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது! ஆனால் பக்கத்திலேயே ஆப்போ என்று இன்னொரு தீவு. அங்கே சில்லிமன் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் அல்காலா என்ற விஞ்ஞானி ஊராரோடு உட்கார்ந்து வருஷக்கணக்கில் பேசினார். 1982இல் ஊரே ஒரு சின்னப் பகுதியை மூடிக் காவல் போட்டது. அது நிலைத்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும். ஜனங்களைக் கேட்டால் போதும், எல்லை வேண்டாம் என்பதும் தப்பு. எல்லை போட்டால் போதும், ஜனங்கள் வேண்டாம் என்பதும் தப்பு. எல்லை கட்டாயம் வேண்டும். அதைப் போடும்போதும் காக்கும்போதும் அதனால் பிழைக்கிறவன் உள்ளே இருக்க வேண்டும். வெளியிலிருந்து பெரிய வலையோடு வருகிறவனைத் தடுக்கும் வேலையை மட்டும் அரசு செய்தாக வேண்டும். அது ஊரால் ஆகாது.

சட்டமும் மெல்ல மெல்ல இதைக் கற்றுக்கொண்டு வருகிறது. 2002இல் பாதுகாப்புக் காப்பகம் என்று புதிய வகை ஒன்று சட்டத்தில் வந்தது. அதை அறிவிப்பதற்கு முன்னால் உள்ளூர் மக்களைக் கலந்துகொள்ள வேண்டும். நிர்வாகக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதியும் இருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தது இந்த வழியில்தான். வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுகிற மீனவருக்குப் பரிசு கொடுக்கிறார்கள். 1986க்கும் 2022க்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நம் கழுவெளிக்கு வருவோம்

இதெல்லாம் நமக்குத் தெரியாத வித்தை இல்லை. இங்கிருந்து அதிக தூரமில்லாத உத்தரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று ஒரு குழுவைப் பற்றி வெட்டி வைத்திருக்கிறார்கள். குடவோலையில் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். பதவி 360 நாள். முன்னே பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது. தண்ணீரைப் பாய்ச்ச முறை, முறையைக் காக்க நீர்க்கட்டி, கடைமடைக்கும் பங்கு என்பதெல்லாம் நம் ரத்தத்தில் ஊறியது. அதைத்தான் இப்போது கழுவெளிக்கும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

முதல் விஷயம். சரணாலயம் வேறு, தேசியப் பூங்கா வேறு. சரணாலயத்தில் பழைய உரிமையைத் தொடர அனுமதிக்கச் சட்டம் வழி விட்டிருக்கிறது. சரணாலயம் அமைக்கும்போது கலெக்டர் ஊர் ஊராக உள்ளூர் மொழியில் பிரகடனம் வெளியிட வேண்டும் என்றும், 2 மாதத்துக்குள் உரிமை கோருகிறவர்கள் எழுத்து மூலம் கோர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. வாயால் சொன்னது நிற்காது. ஆகவே இந்த மாதிரி அறிவிப்பு எது வந்தாலும், யார் யார் எந்த மாதம் எதற்காக அந்த நிலத்துக்கும் தண்ணீருக்கும் போகிறார்கள் என்று ஊராட்சியில் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேய்ச்சல், மீன், நண்டு, கோரை, வழிப்பாதை எல்லாம் அதில் இருக்கட்டும். மனு கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.

இரண்டாவது, அந்தப் பட்டியலில் கடைமடைக்காரர்களை விட்டுவிடாதீர்கள். பட்டா உள்ளவர் குரல் எப்படியும் கேட்கும். நிலமில்லாதவர், இருளர் குடும்பங்கள், சேற்றில் இறங்கி நண்டு தேடுகிற பெண்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். வந்தாலும் பின்னால் நிற்பார்கள். மன்னார் வளைகுடாவில் யாரைக் கேட்காமல் விட்டார்களோ, அவர்கள்தான் கடைசியில் வழி காட்டினார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, உரிமை கேட்கிற நாம் நமக்கும் விதி போட்டுக்கொள்ள வேண்டும். எந்த மாதம் மீன் பிடிப்பதில்லை, வலைக்கண் எவ்வளவு, எத்தனை மாடு, எந்தப் பக்கம் பறவை முட்டையிடுகிற இடம் என்று நாமே பேசி எழுத வேண்டும். விதியோடு போய் நிற்கிறவனிடம் அதிகாரி பேசித்தான் ஆக வேண்டும். வெறும் கையோடு போய் நின்றால் "தடை" என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிடலாம்.

நான்காவது, நம் வயலிலிருந்து போகிறது என்ன என்று பாருங்கள். சிபாரிசு அளவுக்கு மேல் போட்ட யூரியாவும், மூக்கைப் பொத்திக்கொண்டு அடித்த பூச்சிமருந்தும் மழையில் கரைந்து வாய்க்கால், ஏரி, கலங்கல் வழியாக அங்கேதான் போய்ச் சேரும். அங்கே மீன் செத்தால் மீனவர் நம்மைக் கேட்பார். அப்போது நாமும் அந்தக் கழுவெளியில் பங்குதாரர்தான்.

ஐந்தாவது, வெளியிலிருந்து வருகிற பெரிய கையைக் கவனியுங்கள். மக்கள் என்றால் பாதுகாப்புக்கு எதிரி என்று சிலர் நினைக்கிறார்கள். 1996 டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே, அந்த வழக்கைக் கொண்டுபோனவர் நம் தமிழ்நாட்டுச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். நிலத்தையும் நீரையும் காப்பாற்றக் கேட்டது ஜனங்களின் பக்கத்திலிருந்துதான்.

நண்பர்களே! கழுவெளியில் கோடு போட்டாயிற்று. அது காகிதக் கோடாகவே கிடக்குமா, திருடனையும் காவலனையும் உண்டாக்குகிற கோடாகுமா, அல்லது நாம் வயலில் மதிக்கிற வரப்பைப் போல ஆகுமா என்பது இனிமேல்தான் முடிவாக வேண்டும். வரப்பை ஏன் மதிக்கிறோம்? அந்தப் பக்கத்துக்காரனும் இந்தப் பக்கத்துக்காரனும் சேர்ந்து நின்று கயிறு பிடித்துப் போட்டதால்தான். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் கழுவெளி என்ற பேச்சை எடுங்கள். மாட்டுக்காரரையும் வலைக்காரரையும் அந்த அம்மாக்களையும் கூப்பிட்டு முன்னால் உட்கார வையுங்கள். கயிற்றின் ஒரு முனையை நாம் பிடித்தால்தான் மறுமுனையைப் பிடிக்கும்படி அரசைக் கேட்க முடியும்.